சூடாறாத கட்டில்

துக்க வீட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வரக்கூடாது என்பது லிகாயாவுக்குத் தெரியாதா என்ன? மக்காத்திப் பேட்டையில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வழியில் எங்கேயாவது நுழைந்து, எதையாவது வாங்கி வாயில் போட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரவேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது அங்கேயே வழி தப்பி நின்றுவிடும். உதறிவிட்டு வருவது என்பார்கள். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே செய்வார்கள், மற்றவர்கள் சிரிக்காமல் செய்வார்கள். செய்யாமல் விடுகிறவர்கள் கிடையாது.

லிகாயாவும் செய்தாள். ஜீப்னி வண்டியை விட்டு இறங்கி, தான் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்துக் கடைக்குள் போய், ஒரு காபியும் பன்னும் வாங்கிக்கொண்டு கண்ணாடி ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கேருந்துக்கா வர்றே? துக்கத்துலேருந்தா?" என்று கேட்டாள் கடைப் பெண் ஜிங். வாயில் சூயிங்கம் அரைபட்டுக்கொண்டிருந்தது.

"ம்."

"உதறவா வந்தே? நல்லாப் போச்சு போ. மேல இருக்கிற ஆபீஸ்காரங்க பூரா இங்கதான் உதறிட்டுப் போறாங்க. என் கடையில ஆளைவிட ஆவி ஜாஸ்தி. ஒண்ணாவது காசு குடுத்து எதையாவது வாங்குதா, கேளு."

வேறொரு நாளாக இருந்தால் லிகாயா பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். சிரிக்கவேண்டிய இடம் என்று புரிந்தது. சிரிப்புதான் வரவில்லை.

"கொன்சோ," என்றாள்.

ஜிங்கின் வாய் அரைப்பதை நிறுத்தியது. "நம்ம கொன்சோ அக்காவா? ஐயையோ! நாலு நாள் ஊருக்குப் போயிட்டு இன்னைக்குத்தான் வந்தேன், யாரும் சொல்லலையே! போன வாரம்தானே இந்த முக்காலியில உட்கார்ந்து என்னோட சண்டை போட்டாங்க, ரொட்டி காய்ஞ்சு கெடக்குன்னு!"

லிகாயா பன்னைப் பிய்த்து மென்றாள். ருசி இருந்ததா இல்லையா என்று கேட்டால் அவளால் சொல்லமுடியாது. நான்கு நாளாக அப்படித்தான். கொன்சோவின் சித்தி வீட்டில், சவப்பெட்டியின் கண்ணாடிக்குள் உதட்டுச்சாயம் பூசிக் கிடந்த முகத்தைப் பார்த்தபோதும், சுற்றி உட்கார்ந்து வழக்கப்படி சீட்டாடியவர்கள் பிஸ்கட் தட்டை நீட்டியபோதும், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. என்ன மனுஷியோ நான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பும் உறைக்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே காலை நேரத்துத் தெரு. அந்த நேரத்தில்தான் அந்தப் பேட்டை சட்டை மாற்றிக்கொள்ளும். இரவெல்லாம் தொலைபேசியில் தூரதேசத்துக்காரர்களின் வசவைக் கேட்டுவிட்டு ராக்கூட்டம் கண் சிவந்து இறங்கிவரும். தலையில் ஈரம் காயாத பகல்கூட்டம் அதே லிஃப்டில் ஏறிப்போகும். கீழே கடை, நடுவே ஆபீஸ், மேலே வீடு. எல்லாக் கட்டடமும் அப்படித்தான். ஆபீஸ் நாற்காலிக்கு ஒரு பகல் முதுகு, ஒரு ராத்திரி முதுகு. அவ்வளவு ஏன், கட்டிலே அப்படித்தான்.

பாசிங் அக்கா மேலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, துணி கட்டித் தடுத்து, கட்டில் கட்டிலாக உள்வாடகைக்கு விட்டிருந்தாள். கட்டிலையும் பாதி பாதியாக. ராத்திரிக்கு ஒருத்தி, பகலுக்கு ஒருத்தி. ஜன்னலோரக் கட்டிலின் ராத்திரி கொன்சோவுடையது. வங்கி கவுண்டரில் வேலை அவளுக்கு. பகல் லிகாயாவுடையது.

லிகாயா மேலே போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றத் தடுப்புகளில் தூங்குகிறவர்கள் விழிக்காமல் பூனைநடை நடந்து, தன் தடுப்புத் துணியை விலக்கினாள். கறுப்புத் திரை போட்ட ஜன்னல். இருட்டு. மடித்து வைத்த போர்வை. போட்டது போட்டபடி தலையணை.

கட்டிலில் உட்கார்ந்தாள்.

சூடாக இருந்தது.

கையை வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் சூடில்லை. சுவர்ப் பக்கம், ஒரு ஆள் நீளத்துக்கு, தோள் அகலத்துக்கு, இதமான சூடு. யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூடு.

கொன்சோ சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள்.

அடுத்த தடுப்பில் படுத்திருந்தவள் பெயர் நெனெத். துணிக்கு இந்தப் பக்கமிருந்து லிகாயா கிசுகிசுத்தாள். "நெனெத், என் கட்டில்ல யாராவது படுத்தீங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா?" தூக்கக் கலக்கத்தில் பதில் வந்தது. "அதுல எவ படுப்பா? அந்தப் பக்கம் போறதுக்கே ஒவ்வொருத்தியும் சிலுவை போட்டுக்கிறா. பேசாமத் தூங்குடி."

தலையணையிலிருந்து பச்சைத் தைல வாசனை வந்தது. கவுண்டரில் நாள் முழுக்க நின்ற காலுக்கும் நெற்றிக்கும் கொன்சோ அதைத்தான் தேய்த்துக்கொள்வாள். உறையை லிகாயா நேற்றுத்தான் துவைத்து மாற்றியிருந்தாள்.

ஓடியிருக்கவேண்டும். கத்தியிருக்கவேண்டும். லிகாயா செய்தது என்ன தெரியுமா? அந்தச் சூட்டில் போய் ஒண்டிக்கொண்டாள். நான்கு நாளில் முதல்முறையாக அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

விழித்த பிறகுதான் அந்தத் தூக்கத்தை நினைத்து அவளுக்குப் பயம் வந்தது.

அவர்கள் இருவரும் ஒரே கட்டிலில் ஒன்றாகப் படுத்தது கிடையாது. பழக்கமெல்லாம் காலையில் கீழ்க்கடையில் கிடைத்த கொஞ்ச நேரம்தான். லிகாயா வேலை முடிந்து வருவாள், கொன்சோ வேலைக்கு இறங்குவாள். ஒரு காபியை இரண்டு பேர் குடிப்பார்கள். "படுக்கையைச் சூடா வச்சிருக்கேன்டி, போய் விழு" என்பாள் கொன்சோ. "சாயங்காலம் நேரத்தோட வந்து படு, கண்டவனோட ஊர் சுத்தாதே" என்பாள் லிகாயா. தினமும் இதே பேச்சு. தலையணைக்கடியில் ஆரஞ்சுப் பழம் இருக்கும், பாதி சாக்லேட் இருக்கும். ஒருதடவை கிழிந்த காலுறையை வைத்து, தைத்துக்கொடு என்று கேட்டிருந்தாள் அந்தக் கழுதை. கூடப்பிறந்தவளிடம்கூட லிகாயாவுக்கு அவ்வளவு ஒட்டுதல் இருந்ததில்லை.

ஒன்றாகப் படுத்தது கிடையாது என்று சொன்னது முழு உண்மை இல்லை. ஒரே ஒரு காலை உண்டு.

அன்றைக்குக் கொன்சோ கடைக்கு வரவில்லை. லிகாயா மேலே வந்து பார்த்தால், சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். லீவு போட்டிருப்பாள் என்று நினைத்தாள். இரவு முழுக்க ஹெட்போனில் வசவு வாங்கிய களைப்பு லிகாயாவுக்கு. "கொஞ்சம் தள்ளிப் படுடி," என்றாள். கொன்சோ தள்ளவில்லை. "திமிரைப் பாரு," என்று சொல்லிவிட்டு, இருந்த ஓரத்தில் முதுகைக் கொடுத்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.

மத்தியானம் முதுகு சில்லிட்டு விழித்தாள்.

மருத்துவர் இதயம் என்றார். அமுக்குவான் பேய் என்றாள் பாசிங் அக்கா. விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டதாம். எப்போது பார்த்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். "இப்பத்தான் வந்தேன், பார்த்தேன்" என்று சொல்லிவிட்டாள் லிகாயா. ஒரு பிணத்தின் முதுகோடு முதுகு சாய்ந்து பாதிநாள் தூங்கியதை எந்த வாயால் சொல்வது?

அன்றிலிருந்துதான் அவளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது.

சூட்டில் தூங்கி எழுந்த அன்று சாயங்காலம் தங்கை டலிசாய் சொந்த ஊர்த் தீவிலிருந்து போன் செய்தாள். "அக்கா! வேலை கிடைச்சிடுச்சு! உன் பேட்டையிலதான், பல் டாக்டர்கிட்ட. சனிக்கிழமை கப்பல்ல ஏறுறேன். பகல் வேலைதான். நீ சொல்வியே, அந்த கொன்சோ அக்காவோட இடம்... தப்பா நினைச்சுக்காதேக்கா. அது இன்னும் காலியாத்தானே இருக்கு?"

லிகாயா கட்டிலைப் பார்த்தாள். போர்வை சுவர்ப் பக்கம் லேசாகக் குழிந்திருந்தது.

"பார்க்கிறேன்," என்றாள்.

அம்மா போனபிறகு டலிசாயைத் தூக்கி வளர்த்தவள் லிகாயா. இருட்டுக்குப் பயந்து இன்றைக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பெண் அது. அந்தக் குழியில் போய் அவளைப் படுக்கவைப்பதா? மரத்துப்போன மனத்திலும் அது மட்டும் முள்ளாகக் குத்தியது. பாசிங் அக்காவிடம் போய் வேறு கட்டில் கேட்டாள்.

"வேற கட்டிலா? மக்காத்தியிலயா?" பாசிங் அக்கா பூண்டுச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியாலேயே சுற்றிக் காட்டினாள். "சமையக்கட்டு மேடைக்குக்கூட ஆள் சொல்லி வச்சிருக்காங்க. அந்தக் கட்டிலுக்கு என்ன குறை?"

லிகாயா சொன்னாள். சூட்டைச் சொன்னாள், தைல வாசனையைச் சொன்னாள்.

பாசிங் அக்கா அடுப்பை அணைத்தாள். குரல் தணிந்தது. "துக்க வீட்டுக்குப் போனியே, எங்கடி உதறினே?"

"கீழ்க்கடையில."

"எந்தக் கீழ்க்கடை?"

"நம்ம கீழ்க்கடைதான்."

"அடிப்பாவி! கூறுகெட்டவளே!" பாசிங் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அதே கூரைடி! அதே லிஃப்டு! வாசப்படியில உட்கார்ந்து காபி குடிச்சுட்டு உதறிட்டேன்னு வந்து நிக்கிறியே! ஏற்கனவே இது அவ படுத்த வீடு. நீ வேற கையைப் பிடிச்சு வாசல்வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கே!"

"கடை வேற, வீடு வேற இல்லையாக்கா? ஆபீஸ்காரங்க எல்லாம் அங்கதானே..."

"அவங்க வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். உன் வீடு அந்தக் கடைத் தலைக்கு மேல!"

லிகாயாவுக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பேட்டையில் எந்த இடம் கடை, எந்த இடம் வீடு என்று யார் யோசிக்கிறார்கள்?

"நாளைக்குத்தானே பெட்டியை அவ ஊருக்குக் கப்பலேத்துறாங்க?" என்றாள் பாசிங் அக்கா. "போ. மறுபடி போய்ப் பார்த்துட்டு, யாரும் குடியில்லாத இடமாப் பார்த்து உட்காரு. எழுந்து வரும்போது திரும்பிப் பார்க்காதே. போறேன், வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லாதே. இதை மத்தவளுங்ககிட்ட மூச்சு விட்டே, அத்தனை பேரும் காலி பண்ணிட்டுப் போயிடுவாளுங்க. அப்புறம் நான் ஆவிங்களுக்குத்தான் வாடகைக்கு விடணும்."

மறுநாள் காலை பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். சித்தி அழுதாள். துக்க வீட்டு முறைப்படி வந்தவர்களை யாரும் வழியனுப்பவில்லை, வந்ததற்கு நன்றி சொல்லவில்லை. லிகாயா தனியாக நடந்து வந்தாள்.

யாரும் குடியில்லாத இடம். கேட்க எளிதாக இருந்தது.

முதலில் ஒரு காபிக்கடைக்குள் நுழைந்தாள். தலைக்கு மேலே யாரோ தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. எழுந்து வந்துவிட்டாள். சந்தைக்குப் போனாள். மீன்கடைப் பலகைக்கு மேலே பரண், பரணில் தொட்டில். கோயிலுக்குப் போனாள். பீடத்துக்குப் பின்பக்கம் மணியடிப்பவரின் குடும்பம் துணி காயப்போட்டிருந்தது. வங்கிப் படிக்கட்டில் உட்காரலாமென்றால், தூணுக்குப் பின்னால் காவலாளியின் மடக்குக் கட்டில். இத்தனை வருஷம் இங்கே இருந்தும், இந்தப் பேட்டையில் ஒரு சாண் இடம்கூட ஆளில்லாமல் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டாள்.

நடக்கிற வழியெல்லாம் பின்னால் ஒரு செருப்புச் சத்தம். கொன்சோவின் இடது செருப்பு எப்போதும் தரையில் தேயும்.

லிகாயா திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் பெரிய சாலைகளுக்கு நடுவே இருந்த முக்கோணப் பூங்காவுக்கு வந்தாள். உச்சி வெயில். ஆபீஸ்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ராத்திரியில் பூட்டிவிடுவார்கள், யாரும் படுக்கமுடியாது. மரத்தடி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். வாங்கிவந்த ஆரஞ்சை உரித்து, பாதியை அந்த இடத்தில் வைத்தாள்.

காற்று இல்லை. இருந்தும் தைல வாசனை வந்தது.

அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். தன் பாதியைத் தின்று முடித்தாள். கையைத் துடைத்தாள். எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். இத்தனை வருஷம் காபி குடித்து எழுந்ததும் எதைச் சொல்லுமோ, வாய் பாட்டுக்கு அதைச் சொல்லிவிட்டது.

"சாயங்காலம் நேரத்தோட வந்து படு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஆனால் அன்று கட்டில் சில்லென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. பாசிங் அக்கா தீர்த்தம் தெளித்து, "பார்த்தியா, போயிட்டா!" என்று நெஞ்சை நிமிர்த்தினாள். வாய் தவறியதை லிகாயா அவளிடம் சொல்லவில்லை. குளிர்ந்த கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தாள், தூக்கம் மட்டும் வரவில்லை.

டலிசாய் வந்தாள். கருவாடும் சிரிப்புமாக வந்து இறங்கி, கடைப் பெண் ஜிங்கோடு அன்றைக்கே சிநேகமாகிவிட்டாள். ராத்திரி அவள் தூங்கினாள், பகலில் லிகாயா தூங்கினாள். "எப்படித் தூங்கினே?" என்று லிகாயா தினமும் காலையில் போனில் கேட்பாள். "செத்த பிணம் மாதிரி!" என்பாள் அந்தப் பைத்தியம். பல் டாக்டர் காலையில் சீக்கிரம் கடை திறப்பவர். டலிசாய் எழுந்து குளித்துப் போய் வெகுநேரம் கழித்துத்தான் லிகாயா மேலே வருவாள். கட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். தங்கையின் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இவ்வளவு நேரம் சூடு நிற்குமா என்று கேட்டுக்கொள்ள மாட்டாள். நன்றாகத் தூக்கம் வந்தது. அது போதும் என்றிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் புயல் மழை, தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் காலை தண்ணீர் வடிந்ததும் லிகாயா வேலையிலிருந்து வந்து பார்த்தால், டலிசாய் கீழ்க்கடை முக்காலியில் நனைந்த கோழியாக நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி பூரா டாக்டர் நாற்காலியிலதான்க்கா தூங்கினேன். இப்பத்தான் வர முடிஞ்சுது. இன்னைக்கு லீவு விட்டுட்டார்."

"வீட்டுக்கே வரலையா நீ?"

"எங்கே வர்றது, நீச்சலடிச்சா?"

லிகாயா தங்கையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். லிஃப்டில் இருவரும் ஏறினார்கள்.

டலிசாய் தலையைத் துவட்டிக்கொண்டு, துணியை மாற்றிக்கொண்டு, தொப்பென்று கட்டிலில் விழுந்தாள். "அப்பாடி! என்னக்கா, நீ முன்னாலயே மேல வந்து படுத்துட்டுத்தான் கீழ இறங்கினியா? சூடா இருக்கே!"

துணித் தடுப்புக்குள் இருட்டு. மழை ஜன்னலில் அறைந்தது.

"அக்கா?"

"ஆமா," என்றாள் லிகாயா. "கொஞ்ச நேரம் படுத்தேன்."

"என்ன வாசனை இது, தைலமா? உனக்குக் கால்வலியா?"

"ஆமா. பேசாமத் தூங்கு. இந்த ஓரத்துக்கு வா. சுவர்ப் பக்கம் நான் படுத்துக்கிறேன்."

"ஏன்க்கா?"

"சொன்னா கேளு."

தங்கையை இந்த ஓரத்துக்கு இழுத்தாள். அவளைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறினாள். தங்கையின் கண்ணில் விழாமல் சுவரை மறைத்துப் படுத்தாள். முழங்கை எதிலோ இடித்தது. சுவர் இன்னும் தள்ளி இருந்தது.

டலிசாய் படுத்த நிமிஷமே தூங்கிவிட்டாள். அவளுடைய மூச்சு லிகாயாவின் கழுத்தில் பட்டது. முதுகுப் பக்கம் இதமான சூடு. ஒற்றைக் கட்டில். புரள இடமில்லை. பயமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை. அதற்குப் பதிலாக இத்தனை வாரமாக வராத கண்ணீர் மூக்கோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

"கொஞ்சம் தள்ளிப் படுடி," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

சுவர்ப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அவள் முதுகுக்கு இடம் கிடைத்தது.